வடகிளையில் தண்ணீர் குறைகிறது

ஜனவரி 8

என் குட்டிக்கு,

அக்கா எழுதுவது. நான் நலம், உன் அத்தானும் நலம். என் முழங்கால் மட்டும் தனிக்குடித்தனம் போய்விட்டது. மாடி ஏறச் சொன்னால் கேட்பதில்லை. நீ எப்படி இருக்கிறாய்? மலையடிவாரக் குளிர் உன் மூச்சுக்கு ஒத்துக்கொள்கிறதா? மூன்று முறை போன் செய்தேன். மூன்று முறையும் யாரோ எடுத்து, "மேடம் படகுல இருக்காங்க" என்று வைத்துவிட்டார்கள். அதனால்தான் கடிதம்.

நீ தலைமதகுக்கு மாற்றலாகிப் போயிருப்பதை நீ சொல்லவில்லை. கோயில் கமிட்டி ஆபீஸில் சொல்லித்தான் தெரிந்தது. ஆறு வடகிளை, தென்கிளை என்று இரண்டாகப் பிரிகிற இடத்தில் உட்கார்ந்து, எந்தக் கிளைக்கு எவ்வளவு தண்ணீர் போகிறது என்று அளந்து அறிக்கை கொடுக்கப்போவது என் தங்கைதானாம். அதை வைத்துத்தான் இனிமேல் பங்கு பிரிப்பார்களாம். எங்கள் விடுதிக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்லி மாளவில்லை. ஒரு வாளித் தண்ணீர் தூக்கினால் மூச்சிரைக்கிற பெண், இன்று ஆற்றையே தூக்கி எடை பார்க்கிறாள் என்று.

இங்கே வடகிளையில் தண்ணீர் குறைகிறது. படித்துறையின் பதினெட்டுப் படிகளில் பாதி, நம் சின்ன வயதில் தண்ணீருக்குள் கிடக்கும். இப்போது பதினாலாவது படி வெயிலில் காய்கிறது. நேற்று ஒரு அம்மாள், "இவ்ளோ தூரம் வந்தது கால் நனைக்கவா?" என்று என்னிடம் சண்டைக்கு வந்தாள். நான் என்ன ஆற்றைப் பூட்டியா வைத்திருக்கிறேன்? அவளை உட்காரவைத்துச் சொன்னேன். மலையில் பிறந்து தெற்கே ஓடிவருகிற ஆறு இந்தப் படித்துறைக்கு முன்னால் மட்டும் அரை மைல் வடக்கே திரும்புகிறது, தான் பிறந்த மலையைப் பார்க்கிறது. இங்கே தண்ணீரைக் கையில் ஏந்திச் சொல்கிற சொல்லை மலைவரைக்கும் கொண்டுபோகும். கால் நனைத்தாலே புண்ணியம்தான் என்று. அரைமனதாக இறங்கினாள்.

அளக்கும்போது பிறந்த ஊரையும் கொஞ்சம் நினைத்துக்கொள். பதினோரு அறையும் நிரம்பினால்தான் எங்களுக்கு அடுப்பு எரியும். கோயில் கமிட்டித் தலைவர்கூட உன்னை விசாரித்தார். "சின்னவ நல்லா வந்துட்டா" என்றார்.

இரண்டு வரியாவது எழுது. வெந்நீர் குடி.

அக்கா


ஜனவரி 20

அக்காவுக்கு,

நான் நலம். குளிரும் இருக்கிறது, மூச்சும் இருக்கிறது, இரண்டுக்கும் சண்டையில்லை. முழங்காலுக்கு வைத்தியரைப் பார். அத்தானைக் கேட்டதாகச் சொல்.

ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள். எனக்கு ஆற்றையே அளக்கிற வேலை. கரைக்குக் கரை கம்பி கட்டியிருக்கிறது. இரண்டு மீட்டருக்கு ஒரு அடையாளம். ஒவ்வோர் அடையாளத்திலும் படகை நிறுத்தி, மீன் வால் வைத்த ஒரு கருவியைத் தண்ணீருக்குள் இறக்குவேன். மேல்தண்ணீர் வேகமாக ஓடும், அடித்தண்ணீர் மெதுவாக ஓடும், இரண்டையும் நம்பக்கூடாது. பத்தில் ஆறு பங்கு ஆழத்தில் இருக்கிற வேகம்தான் கணக்குக்கு எடுபடும். கருவியின் சக்கரம் சுற்றுகிற சத்தம் காதில் 'டிக் டிக்' என்று கேட்கும், அதை எண்ணுவேன். படகுக்காரர் பேசாமல் இருந்தால் எண்ணலாம். அவர் பேசாமல் இருந்ததாகச் சரித்திரம் இல்லை.

போன வாரம் வடகிளையில் வினாடிக்கு 340 கன அடி. முந்நூறுக்குக் கீழே போனால் உன் படித்துறையின் கடைசிப் படிகளும் ஒவ்வொன்றாக வெளியே வரும்.

அந்த அம்மாளிடம் நீ பாதிக் கதைதான் சொல்லியிருக்கிறாய். அந்தத் தண்ணீரைக் கையில் வைத்துப் பொய் சொன்னால் ஆறு அந்த இடத்தை விட்டுப் போய்விடும் என்பது மீதிப் பாதி. அப்பா நமக்கு முழுசாகத்தான் சொன்னார்.

'தலைவர் விசாரித்தார்' என்று எழுத உனக்குக் கை வந்ததே. ஆற்றில் தண்ணீர் ஏறும்போது சிவப்புக் கொடி ஏற்றுவதுதான் அப்பாவின் வேலை. இருபது வருஷம் அவருக்கு வேறு பெயரே கிடையாது, கொடிக்காரர்தான். வெள்ளம் வந்த அந்த ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஏற்றிய கொடியை அவரே இறக்கிவிட்டு ஒன்பது பேரைச் சாகக் கொடுத்தார் என்று ஊர் நம்பியது. இரண்டு வருஷம் சிறை. திரும்பி வந்து ஒரே வருஷத்தில், உன் விடுதியின் பின்னறையில், "கொடிய நான் எறக்கல" என்று சொல்லிச் சொல்லியே செத்தார். எனக்கு அப்போது பதின்மூன்று. கொடியை இறக்கியது உன் தலைவர்தான் என்று அந்த வயதிலேயே எனக்குத் தெரியும். சாட்சிதான் இல்லை.

இப்போது அந்த ஆளின் கோயிலுக்குப் போகிற தண்ணீர் என் கைவழியாகப் போகிறது. இதற்காகவே இந்த மாற்றலைக் கேட்டு வாங்கினேன். அவரிடம் சொல், நானும் அவரை விசாரித்தேன் என்று.

இப்படிக்கு உன் தங்கை


பிப்ரவரி 6

குட்டிக்கு,

நலம்தான். உன் கடிதம் வந்த அன்று கையிலிருந்த தட்டைப் போட்டு உடைத்தேன். உன் அத்தான் கேட்டதற்கு ஈரக்கை என்றேன். இருமல் மருந்து பார்சலில் அனுப்பியிருக்கிறேன், வந்ததா?

தலைவருக்கு எழுபத்தெட்டு வயது. ஒரு கண் தெரியவில்லை. இரண்டு பேர் பிடித்தால்தான் நாற்காலியிலிருந்து எழுந்திருக்கிறார். அவரை நீ இனிமேல் என்ன செய்யப்போகிறாய்? செத்த பாம்பை அடிக்கிறதற்கா இவ்வளவு படித்தாய்?

பதினைந்தாவது படியும் வெளியே வந்துவிட்டது. கூட்டம் பாதியாகிவிட்டது. கடைத்தெருவில் ஜனம் வேறு மாதிரி பேச ஆரம்பித்திருக்கிறது. சோப்பு வாங்கப் போனேன். கடைக்காரர் என்னை வைத்துக்கொண்டே சொல்கிறார்: "யாரோ பொய்ச் சத்தியம் பண்ணியிருக்காங்க. இல்லன்னா ஆறு ஏன் மூஞ்சியத் திருப்பிக்குது?" நான் சோப்பை வாங்காமலே வந்துவிட்டேன்.

தண்ணீரை ஆயுதமாக எடுக்காதே. அதைக் குடிக்கிறவர்களும் இருக்கிறார்கள். அப்பா இருந்திருந்தால் இதை விரும்பமாட்டார்.

சாப்பாட்டைத் தள்ளிப்போடாதே.

அக்கா


பிப்ரவரி 27

அக்காவுக்கு,

மருந்து வந்தது. கசப்பு, ஆனால் கேட்கிறது. அங்கே எல்லோரும் நலம் என்று நினைக்கிறேன்.

அப்பா என்ன விரும்பியிருப்பார் என்று எனக்கும் தெரியாது, உனக்கும் தெரியாது. அவரை யாரும் கேட்கவில்லை.

பயப்படாதே, நான் பொய்யான எண் எதையும் எழுதப்போவதில்லை. தேவையே இல்லை. வடகிளையின் வாயில் ஒரு மணல்திட்டு வளர்ந்திருக்கிறது, இருநூறு மீட்டர் நீளத்துக்கு. தலைமதகின் மூன்றாவது ஷட்டர் ஆறு வருஷமாகத் துருப்பிடித்து மூடிக்கிடக்கிறது. அதனால் அந்தப் பக்கம் தண்ணீர் சோம்பிப்போய் மண்ணை இறக்கிவிடுகிறது. மண் ஏறியதால் தண்ணீர் இன்னும் சோம்புகிறது. இன்றைக்கு 260. ஏப்ரலில் பாதியாகிவிடும்.

நேற்று திட்டின் மேல் நின்றுகொண்டு படகுக்காரர் சொன்னார்: "மேடம், ஷட்டரத் தூக்கி, பதினஞ்சு நாள் மண்ண வாரினா சரியாப்போகும். இத எழுதிருங்க."

"எழுதணுமா?" என்றேன்.

"பின்ன? எழுதலன்னா வடகிளை தானா செத்துப்போச்சுன்னு மூடிருவாங்களே!"

ஆமாம். அதேதான். எண்ணை மட்டும் எழுதினால் போதும். காரணத்தை எழுதாமல் விட்டால் போதும். மொத்தத் தண்ணீரையும் தென்கிளைக்குத் திருப்பிவிடுவார்கள். தலைவர் தன் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, காய்ந்த மணலை ஒற்றைக் கண்ணால் பார்க்கட்டும். நான் ஒரு பொய்யும் சொல்லியிருக்க மாட்டேன். ஒன்றைச் சொல்லாமல் விட்டிருப்பேன், அவ்வளவுதான்.

இன்னொரு விஷயம். இங்கே ஒரு கிடங்கு இருக்கிறது. அப்பாவின் விசாரணைக் கோப்பின் பிரதி அதில் கிடக்கிறதாம். ஷட்டர் திறந்த நேரம் கேட்டு, விசாரித்தவர்கள் அப்போது இங்கேயும் வந்தார்களாம். எலிகள் பாதி படித்து முடித்திருக்கும். மீதியை நான் படிக்கப்போகிறேன். அதற்கு முன் ஒன்று கேட்க வேண்டும். அன்றைக்கு நான் காய்ச்சலில் படுத்திருந்தேன். நீ எங்கே இருந்தாய்?

தங்கை


மார்ச் 3

குட்டிக்கு,

நலம். உன் கடிதம் இன்று காலையில் வந்தது, கையோடு பதில் எழுதுகிறேன்.

நான் வீட்டில்தான் இருந்தேன். துணி துவைத்துக்கொண்டிருந்தேன். உன் போர்வையைத்தான் துவைத்தேன் என்றுகூட நினைவிருக்கிறது. சத்தம் கேட்டு ஓடினபோது எல்லாம் முடிந்திருந்தது.

பழைய கோப்பையெல்லாம் எதற்குக் கிளறுகிறாய்? தூசி உன் மூச்சுக்கு ஆகாது. கம்பளிச் சட்டை ஒன்று பின்னியிருக்கிறேன், சாம்பல் நிறம், இத்துடன் வருகிறது. கை கொஞ்சம் நீளமாகப் போய்விட்டது, மடித்துப் போட்டுக்கொள். நான்காம் அறைக் குழாய் ஒழுகுகிறது. உன் அத்தானுக்குப் பல்வலி. ஏழாம் அறையில் தங்கியிருந்த ஒருவர் தலையணை உறையைத் திருடிக்கொண்டு போய்விட்டார், தலையணையை விட்டுவிட்டு.

வேறு விசேஷம் இல்லை. கோப்பை விட்டுவிடு.

அக்கா


ஏப்ரல் 14

அக்கா,

கம்பளிச் சட்டையைப் படகுக்காரரின் மனைவிக்குக் கொடுத்துவிட்டேன். அவளுக்குக் கை சரியாக இருக்கிறது.

கோப்பில் இருப்பதை அப்படியே எடுத்து எழுதுகிறேன்.

'காலை 6.10. மலையில் மழை. வடகிளை ஷட்டர்கள் திறக்கப்பட்டன. பத்தேகால், பத்தரைக்குள் படித்துறையில் தண்ணீர் இரண்டு ஆள் உயரம் ஏறும். தொலைபேசியில் கமிட்டித் தலைவரிடம் நேரடியாகச் சொல்லப்பட்டது.'

ஆக, அவருக்குத் தெரியும். நான் நினைத்தது சரி. முதல் நாள் இதோடு எழுந்து வந்துவிட்டேன். அன்றைக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தேன் என்றால் நம்புவாயா? சாட்சி கிடைத்துவிட்டது என்று படகுக்காரருக்கு டீ வாங்கிக் கொடுத்தேன்.

மறுநாள் மீதிப் பக்கங்கள்.

'சாட்சி 11. கொடிக்காரரின் மூத்த மகள், வயது 19. அப்பாவுக்குச் சாப்பாடு கொண்டுபோனேன். அப்பா தானாகத்தான் கொடியை இறக்கினார். தலைவர் அந்தப் பக்கம் வரவே இல்லை. ஆற்றுத் தண்ணீரைக் கையில் வைத்துச் சத்தியமாகச் சொல்கிறேன்.'

கீழே உன் கையெழுத்து. என் பள்ளிக்கூட நோட்டுக்கெல்லாம் அட்டை போட்டு என் பெயரை எழுதிக் கொடுப்பாயே, அதே வளைவு, அதே சுழி. போலி என்று சொல்லிக்கொள்ள எனக்கு ஒரு வழியும் நீ வைக்கவில்லை.

எத்தனையோ வருஷம் அந்த ஒரு மனிதரைத் திட்டிக்கொண்டே பல் துலக்கியிருக்கிறேன். பக்கத்திலேயே நின்று பற்பசை எடுத்துக் கொடுத்தது நீ.

இன்றைக்கு வடகிளையில் 130. எண்ணை மட்டும்தான் எழுதப்போகிறேன். காய்ந்துபோகட்டும். கோயில், படித்துறை, அவர் நாற்காலி, உன் பதினோரு அறை, எல்லாம்.

நலம் விசாரிக்க மனம் வரவில்லை.


ஏப்ரல் 20

குட்டி,

நீ என்னவோ நீதிபதி மாதிரி எழுதியிருக்கிறாய். அப்பாதான் என்னை அப்படிச் சொல்லச் சொன்னார். "எனக்கு எப்படியும் தண்டனைதான், நீ சின்னவளைக் காப்பாத்து" என்றார். அவர் பேச்சை நான் மீற முடியுமா?

உன் பள்ளிக்கூடம், காலேஜ், ஹாஸ்டல் சாப்பாடு எல்லாம் வானத்திலிருந்தா விழுந்தது? இந்தப் பதினோரு அறையைக் கூட்டிப் பெருக்கித்தான் வந்தது. அடுத்தவர் எச்சில் தம்ளரைக் கழுவிய கை இது. ஏறிப்போன பிறகு ஏணியை உதைப்பது ரொம்பச் சுலபம்.

ஆறு கடக்கிற வரைக்கும்தான் அண்ணன் தம்பி என்பார்கள். அக்கா தங்கைக்கும் அதுதான் போலிருக்கிறது.

அக்கா


மே 11

குட்டிக்கு,

மூன்று வாரமாக நீ பதில் போடவில்லை. நீ நலமாக இருக்க வேண்டும். நான் நலமாக இல்லை.

போன கடிதத்தில் எழுதியது பொய். அப்பா என்னிடம் ஒன்றுமே சொல்லவில்லை. நான் சத்தியம் செய்தபோது எதிரில்தான் நின்றார். என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் முடித்துக் கையைத் துடைத்த பிறகும் பார்த்துக்கொண்டிருந்தார். கோபமாக இல்லை. ஒரு வார்த்தை சரியாகக் காதில் விழாதவர் எப்படிப் பார்ப்பாரோ, அப்படி.

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். ஒன்பதரை மணிக்கு நான் சாப்பாட்டுப் பாத்திரத்தோடு கொடிமரத்தடியில் நின்றேன். கொடி பறந்துகொண்டிருந்தது. கரையில் கூட்டம் ஆயிரத்துக்குக் குறையாது, ஒருவரும் தண்ணீரில் இறங்கவில்லை. தலைவர் வேகமாக வந்தார். அன்றைக்குப் பெரிய மனிதர் ஒருவர் குளிக்க வந்திருந்தார். கொடி பறந்தால் இறங்கமாட்டேன் என்றாராம்.

"கொடிய எறக்குய்யா" என்றார் தலைவர்.

"தண்ணி வருதுங்க. பத்தேகாலுக்கு வந்துரும்."

"அரை மணி நேரம்யா. அவர் குளிச்சிட்டுக் கெளம்பிடுவாரு. அப்புறம் ஏத்திக்க."

"ஒரு தடவ எறக்கினா ஜனம் எறங்கிடும். அப்புறம் யாரு சொன்னாலும் மேல வரமாட்டாங்க" என்றார் அப்பா. கயிற்றை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

தலைவர் அப்பாவின் கையைத் தட்டிவிட்டுத் தானே கயிற்றை அவிழ்த்தார். கொடியைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு போய்விட்டார். கூட்டம் முழுக்க அந்தப் பெரிய மனிதரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது, கொடிமரத்தடியை என்னைத் தவிர யாரும் பார்க்கவில்லை. பெரிய மனிதர் குளித்தார், பத்து மணிக்குக் காரில் ஏறினார். ஜனமும் இறங்கிவிட்டது. அப்பா படிக்குப் படி ஓடி, "மேல வாங்க, மேல வாங்க" என்று கத்தினார். "கொடிதான் இல்லையே, பெரியவரே" என்று ஒருவன் சிரித்தான். அவனும் அந்த ஒன்பது பேரில் ஒருவன்.

மறுவாரம் தலைவர் நம் வீட்டுக்கு வந்தார். "உன் பேச்ச யாரும் நம்பமாட்டாங்க. சின்னவள நெனச்சுப்பாரு. விடுதிய உன் பேருக்கு எழுதித் தர்றேன்" என்றார். நான் உன்னை நினைத்தேன் என்று எழுத ஆசையாகத்தான் இருக்கிறது. உன்னை நினைத்தேன். விடுதியையும் நினைத்தேன். எனக்குப் பத்தொன்பது வயது. ஒரு வீட்டுக்கு எஜமானியாக இருப்பது எப்படி இருக்கும் என்று பார்க்க ஆசையாக இருந்தது.

கடைசிப் படியும் நேற்று காய்ந்துவிட்டது. ஜனம் மணலில் நடந்துபோய்த் தண்ணீரைத் தொடுகிறது. நீ மண் என்கிறாய், ஷட்டர் என்கிறாய். இருக்கலாம். படித்தவள், சரியாகத்தான் இருக்கும். ஆனால் இந்தத் தண்ணீரில்தான் நான் பொய் சொன்னேன். அது போவதை நான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஊர் ஆயிரம் சொல்லும். நீ சொன்னால் நம்புவேன். 'உன்னால் இல்லை, அக்கா' என்று ஒரே ஒரு வரி எழுது. வேறு ஒன்றும் எழுத வேண்டாம்.

அக்கா


ஜூன் 3

குட்டிக்கு,

நீ நலமா? பதில் இல்லை. பரவாயில்லை. ஊர்ச் செய்தி சொல்ல எழுதுகிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை படித்துறையில் கொஞ்சம் கூட்டம் இருந்தது. தலைவரை நாற்காலியில் கொண்டுவந்து நிழலில் வைத்திருந்தார்கள். ஆறு திரும்பி வருவதற்காகக் கூட்டுப் பிரார்த்தனை. எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டிருந்தபோது நான் மணலில் இறங்கிப்போய், மிச்சம் ஓடிய தண்ணீரைக் கையில் அள்ளிக்கொண்டு வந்து நின்றேன்.

"பத்தொம்பது வயசுல இந்தத் தண்ணிய கையில வச்சுப் பொய் சொன்னேன். கொடிய எறக்கினது எங்கப்பா இல்ல. இதோ உக்காந்திருக்காரே, இவரு" என்றேன். கையில் இருந்த தண்ணீர் முழுக்கப் புடவையில் போய்விட்டது. நல்லவேளை, சொல்லி முடித்த பிறகுதான்.

"யாரு, லாட்ஜ் அக்காவா?" என்று யாரோ கேட்டார்கள். தலைவர் என்னைப் பார்க்கவில்லை. "அதுக்கு ஒடம்பு சரியில்ல. வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க" என்றார். இரண்டு பேர் வந்து என் தோளைப் பிடித்தார்கள். அப்போது கூட்டத்திலிருந்து ஒரு பெண்பிள்ளை, என்னைவிட மூத்தவள், "கைய எடுங்கடா" என்றாள். "அன்னிக்குச் செத்ததுல ஒருத்தர் என் புருஷன். அவ சொல்லட்டும்." பிடித்தவர்கள் விட்டுவிட்டார்கள். உனக்கு எழுதியதையெல்லாம் அப்படியே சொன்னேன். மறுநாள் அந்தப் பெண்ணே என்னை அழைத்துக்கொண்டு போனாள். மாஜிஸ்திரேட் முன்னால் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். பொய்ச் சாட்சிக்கு எனக்கும் தண்டனை வரலாம் என்றார்கள். சரி என்றேன்.

அன்று மாலையே கமிட்டி ஆட்கள் வந்து விடுதியைப் பூட்டினார்கள். பத்திரம் என் பேரில்தான், ஆனாலும் நான் தடுக்கவில்லை. உன் அத்தான் பெட்டியை எடுத்துக்கொண்டு தன் தம்பி வீட்டுக்குப் போய்விட்டார். பல்வலி மருந்தை மறந்து வைத்துவிட்டுப் போயிருக்கிறார். கடைத்தெரு முனையிலுள்ள சலவைக்கடையில் வேலை கேட்டு வாங்கினேன். பின்னால் ஒரு அறையும் கொடுத்திருக்கிறார்கள். படுக்கைவிரிப்பு துவைக்கிற வேலைதான், பழகியது.

நான் கேட்டது நினைவிருக்கிறதா? ஒரு வரி.

உன் மூச்சைப் பார்த்துக்கொள்.

அக்கா


ஜூலை 2

அக்காவுக்கு,

நலம். உன் மூன்று கடிதங்களும் வந்தன. படித்தேன்.

முதலில் உனக்கு ஒன்று தெரிய வேண்டும். என் அறிக்கை மே 28ஆம் தேதி போய்விட்டது. நீ படித்துறையில் நின்றது 31ஆம் தேதி. ஆகவே உன் சத்தியத்துக்கு மனமிரங்கித்தான் தண்ணீர் விட்டேன் என்று நினைத்துக்கொள்ளாதே.

அறிக்கையின் கடைசிப் பக்கத்தோடு மூன்று நாள் உட்கார்ந்திருந்தேன். 'வடகிளை: 95 கன அடி' என்று எழுதிப் பேனாவை மூடிவிட்டேன். படகுக்காரர் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்து, "ஷட்டரப் பத்தி எழுதிட்டீங்களா மேடம்?" என்றார். இல்லை என்றேன். "ஏன் மேடம்?" என்றார். தண்ணீர் என்ன செய்கிறது என்று தெரிந்துகொண்டு ஊருக்குச் சொல்வதுதான் அப்பாவின் வேலை. அதைச் சொல்லவிடாமல்தான் அவரைக் கொன்றார்கள். நானும் சொல்லாமல் விட்டால் அந்தக் கயிற்றை இன்னொரு தடவை அவிழ்த்தது மாதிரி. பேனாவைத் திறந்து ஷட்டர், மணல்திட்டு எல்லாவற்றையும் எழுதினேன். தொலைபேசிப் பதிவின் பிரதியையும் இணைத்து, மாஜிஸ்திரேட்டுக்கு ஒன்று தனியாக அனுப்பினேன்.

இருபத்து மூன்றாம் தேதி உன் ஊருக்கு வந்திருந்தேன். மண் வாரி முடித்து ஷட்டரைத் தூக்கிவிட்டார்கள். படித்துறையில் தண்ணீர் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று அளக்க வேண்டியிருந்தது. பதினைந்தாவது படி நனைந்திருந்தது. தலைவர் நாற்காலியில் இருந்தார். பக்கத்தில் பிடித்துக்கொள்ள இரண்டு பேர் இல்லை. ஒருவன்தான், அவனும் வேறெங்கோ பார்த்துக்கொண்டு நின்றான். மறுவாரம் அவர் விசாரணைக்குப் போக வேண்டும்.

"யாரும்மா அது?" என்றார்.

"கொடிக்காரர் மக. சின்னவ."

தெரிகிற கண்ணை என் பக்கம் திருப்பினார். பிறகு, "உங்கப்பா ரொம்ப நல்லவரும்மா" என்றார்.

என் பையிலிருந்து அளவுப் புத்தகத்தை எடுத்து, வெள்ளைப் பக்கமாகப் பார்த்துத் திறந்து, பேனாவோடு அவர் மடியில் வைத்தேன். "அத எழுதிக் குடுங்க" என்றேன்.

பேனாவைத் தொடவில்லை. இத்தனை வருஷம் நான் மனதுக்குள் அவரை என்னென்னவோ செய்திருக்கிறேன். நேரில் செய்தது இவ்வளவுதான்: எழுதமாட்டாரா என்று பக்கத்திலேயே கால் மணி நேரம் நின்றேன். படியில் போகிறவர்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டு போனார்கள். போதும் என்று தோன்றியபோது புத்தகத்தை எடுத்துக்கொண்டேன். அவர் அழுததாக நினைக்கிறேன். தெரியாத கண்ணிலிருந்தும் தண்ணீர் வருகிறது.

திரும்பும்போது கடைத்தெரு முனை வழியாகத்தான் வந்தேன். சலவைக்கடைப் பின்முற்றத்தில் நீ விரிப்பு காயப்போட்டுக்கொண்டிருந்தாய். எட்டிக் கட்ட முடியாமல் ஒரு காலை ஊன்றி ஊன்றி நின்றாய். நான் வேலிக்கு இந்தப் பக்கம் இருந்தேன், பத்தடிகூட இருக்காது. கூப்பிடவில்லை. பஸ்ஸுக்கு நேரமிருந்தது. இருந்தும் கூப்பிடவில்லை.

நீ கேட்ட வரி என்னிடம் இருக்கிறது. அது உண்மையா பொய்யா என்று அளந்து பார்க்கத் தெரிந்தவள் நான். எழுத அரை நிமிஷம் ஆகாது. அப்பாவுக்கும் உன்னிடமிருந்து ஒரே ஒரு வரிதான் வேண்டியிருந்தது, அக்கா. சிறையில் இரண்டு வருஷம், உன் பின்னறையில் ஒரு வருஷம் காத்திருந்தார். அதைச் சொல்ல உனக்கு இருபத்தொரு வருஷம் ஆயிற்று. எனக்கும் அவ்வளவு காலம் வேண்டும்.

முழங்காலுக்குத் தைலம் அனுப்பியிருக்கிறேன், காலையிலும் மாலையிலும் தேய். ஈரத்தில் ரொம்ப நேரம் நிற்காதே. வேளாவேளைக்குச் சாப்பிடு. இன்னும் இருபத்தொரு வருஷம் நீ நன்றாக இருக்க வேண்டும்.

உன் தங்கை